ஏப்ரல் வரட்டும்

என்னாங்க,

தோசைமாவு ஃபிரிட்ஜ்ல இருக்குது. சாவி மீட்டர் பெட்டி மேல. நான் கூட்ரோட்டுல பஸ் ஏறி விழுப்புரம் பென்ஷன் கம்பெனி ஆபீஸுக்குப் போறேன். என் பென்ஷன்ல மொத்தமா எடுக்கற பணத்துக்கு இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடுவேன்.

ஏப்ரல்ல எடுத்தா இந்த வருஷச் சம்பளத்தோட சேராது, வரி கம்மின்னு நீங்க சொன்னது சரிதான். எங்க அண்ணனும் தன் பென்ஷன் பணத்துக்கு அப்படித்தான் சொல்லுச்சு. பணம் வந்ததும் நெஞ்சு ஆபரேஷன் பண்ணிக்கலாம்னு காத்திருந்து, மாசியிலேயே செத்துப்போயிடுச்சு. எனக்கும் அதே ஆபரேஷனைத்தான் தள்ளிப்போடாதீங்கன்னு டாக்டர் சொல்றாரு. வரி போனா போவுது. நேத்து நான் கத்தினதை மனசுல வெச்சுக்காதீங்க.

மத்தியானம் அவலூர்பேட்டையிலேர்ந்து அண்ணி வராங்க. ரசத்தைச் சூடு பண்ணி சோறு போடுங்க. அவங்க எதிர்ல ஏப்ரல்னு மட்டும் வாயைத் திறக்காதீங்க.

வசந்தா

உங்ககிட்ட சொல்லல. ஒரு வாரமா காலையில காப்பி போடறப்பல்லாம் வாசல்ல அண்ணன் இருமறது கேக்குது. இப்பவும் கேக்குது. "இன்னா அவசரம் வசந்தா, ஏப்ரல் வரட்டும்"னு அதே குரல். அதைத் தாண்டிப் போனா நின்னுடுவேன். அதான் தோட்டத்துக் கதவு வழியா போறேன்.