அடக்கம் செய்தவர் என்ற கட்டம்

யூலை 9, திங்கள்

விடிந்ததிலிருந்து கச்சான் காற்று. வாயெல்லாம் புழுதி. கோயில் அறையிலிருந்த தகரப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. மூத்த ஐயர் (இனி மூ.ஐ.) ஆற்றுக்கு மேற்கே இந்தப் படுவான்கரைக்கு வந்த முதல் போதகர். ஆண்டு விழாவில் அவருடைய வாழ்க்கையைப் பிரசங்க பீடத்தில் நின்று வாசிப்பது எங்கள் வழக்கம். பழைய பிரதியைக் கறையான் முடித்துவிட்டது. புதிதாக எழுத நான் அகப்பட்டேன். ஓய்வுபெற்ற ரீச்சர், தனிக்கட்டை, வேறென்ன வேலை என்று நினைத்திருப்பார்கள்.

பெட்டியில்: ஞானஸ்நானப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, கடிதக் கட்டு, கண்ணாடி இல்லாத கண்ணாடிச் சட்டம், செத்த பல்லி.

மண்ணெண்ணெய் முடிந்தது. சீனி நாளைக்கு வரும். ஊரடங்கு எப்போது எடுப்பார்களோ.

யூலை 11, புதன்

அடக்கப் பதிவேடு. சின்ன ஊர், அன்று தொடங்கிய புத்தகந்தான் இன்றும் ஓடுகிறது. மூ.ஐ.யின் எழுத்து வலப்பக்கம் சாயும். வாந்திபேதி வந்த வாரங்களில் மட்டும் எழுத்து நிமிர்ந்து, சின்னதாக, வேறு கை. ஆனால் கடைசிக் கட்டத்தில், ‘அடக்கம் செய்தவர்’ என்ற இடத்தில், எல்லா வரியிலும் அவர் பெயர்தான்.

இரண்டு தடவை எழுந்து கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன். பகலிலேயே.

யூலை 12, வியாழன்

கண்டுபிடித்தேன். கடிதக் கட்டில் அவருடைய மனைவி தங்கைக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம். அதே நிமிர்ந்த எழுத்து. ஐயர் காய்ச்சலில் பாயோடு கிடக்கிறாராம். குழிக்குப் போய் ஜெபம் வாசிப்பது அந்த அம்மாதானாம். பெண் செய்தாள் என்று தெரிந்தால் மிசன் துரைமார் கேள்வி கேட்பார்கள் என்று அவர் பெயரையே எழுதுகிறாவாம்.

பேதியில் அஞ்சாமல் நின்று அடக்கிய வீரர் என்று வருடா வருடம் கேட்டுக் கேட்டுக் காது புளித்தது இவரைத்தான். காய்ச்சல் விட்டு எழும்பினவர் ஒரு வரி திருத்தியிருக்கக் கூடாதா? பெயர்க் கள்ளன் என்று எழுதினேன். வெட்டினேன். திரும்ப எழுதினேன்.

மனைவியின் பெயர் எங்குமே இல்லை. கடிதத்திலும் ‘உன் அக்கா’ என்றுதான்.

யூலை 14, சனி

எழுத முடியுமோ தெரியாது.

அன்னம்மா அக்காவின் மகன் தேவராசாவை ஆற்றில் சுட்டுவிட்டார்கள். விடியமுன் தோணியில் வலை இழுக்கப் போனவன். யார் சுட்டது என்று எவரும் சொல்லவில்லை, எவரும் கேட்கவும் இல்லை. கரையோரக் கண்டல் பற்றைக்குள் ஒதுங்கிக் கிடந்தான். என்னிடம் நான்காம் வகுப்புப் படித்தவன்.

துறை மூடியாயிற்று. ஆற்றைக் கடக்கும் பாதைப் படகு ஓடாது. இப்போதைய போதகர் ஐயா அக்கரையில், ரவுனில். இந்த வெயிலுக்குப் பொழுது சாயும் மட்டும் வைத்திருக்க இயலாது. ஆம்பிளைகள் எல்லாரும் வட்டைப் பக்கம், வயலுக்குள், ஒளிந்துவிட்டார்கள். கிழவர் இருவர் குழி வெட்டினார்கள்.

அன்னம்மா அக்கா வந்து வாசலில் நின்றார். அழவில்லை.

“ரீச்சர், நீங்க வந்து வாசியுங்க கா.”

“நான் போதகர் இல்லையே அக்கா.”

“தெரியும். எனக்கு வேற ஆரு இரிக்கா?”

போனேன். ஜெபப் புத்தகத்தைப் பிடித்தபடி முழுதும் வாசித்தேன். முதல் பிடி மண் நான் போட்டேன். பெண்கள் ஒன்பது பேர் நின்றோம்.

யூலை 15, ஞாயிறு

ஆராதனை இல்லை. மத்தியானம் ஜீப் வந்தது. செத்தவனை யார் புதைத்தது என்று கடையில் கேட்டார்களாம். தெரியாது என்றாராம் கடைக்காரர்.

பதிவேட்டைத் திறந்து வைத்தேன். பெயர், வயது, திகதி எழுதினேன். மரணக் காரணம்: ‘ஆற்றில்’ என்று மட்டும். கடைசிக் கட்டம் வெறுமை. மூடினேன். சோற்றைப் பூனைக்குப் போட்டேன்.

யூலை 18, புதன்

துறை திறந்தது. போதகர் ஐயா சைக்கிளோடு வந்தார். நல்ல பொடியன், முப்பத்திரண்டு வயது. வர முடியாமற் போனதைச் சொல்லிச் சொல்லிக் கண் கலங்கினார். பதிவேட்டைக் கேட்டார். வெறும் கட்டத்தைப் பார்த்தார்.

“ரீச்சர், என்ட பேரப் போட்டுர்றன். ஒங்களுக்குக் கரைச்சல் வரப்படா. கேட்டா என்னைக் கேக்கட்டும்.”

நான் வாய் திறக்கவில்லை. அவர் எழுதினார். எனக்கு உடம்பு முழுக்க ஒரு ஆறுதல் பரவியது. அதை மறைக்கப் போவதில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். சீனி கூட இரண்டு கரண்டி.

அவர் போன பிறகு மூ.ஐ.யைப் பற்றி எழுதிய தாளை எடுத்தேன். கள்ளன் என்ற சொல்லைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அந்த அம்மாவும் இப்படித்தான் பேசாமல் இருந்தாவோ? இல்லை, அவ பயந்தது துரைமாரின் கேள்விக்கு. நான் ஜீப்புக்குப் பயந்தேன். வெட்கம்.

யூலை 20, வெள்ளி

காற்று நின்று புழுக்கம். அன்னம்மா அக்கா மரணப் பதிவுக்காக அடக்கப் பிரதி கேட்டு வந்தார். பதிவேட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டி வாசிப்பார். கடைசி வரியில் விரல் நின்றது.

“போதகர்ர பேர் கிடக்கு.”

“ஓம் அக்கா.”

விரலை எடுத்தார்.

“அதான் நல்லம் ரீச்சர். நீங்க தனிய இரிக்கிற ஆள்.”

மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். அவர் ஏசியிருந்தால் பொறுத்திருப்பேன். மகனைப் பறிகொடுத்தவர், என்னைப் பாதுகாக்கிறார்.

பதிவேட்டைத் திறந்து போதகர் ஐயாவின் பெயரை ஒரே கோடாக வெட்டி, அதன் கீழ் எழுதினேன்: ஞானமணி செல்லையா, ஆசிரியை. புதுப் பிரதி ஒன்றும் எழுதினேன். வெயிலில் ஓட்டமும் நடையுமாகப் போய், ஆலடியில் அக்காவைப் பிடித்தேன். பழையதை வாங்கிக் கிழித்துப் புதியதைக் கொடுத்தேன். வாசித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இத நான் ஆருக்கும் காட்ட மாட்டன் கா.”

“காட்டத்தானே அக்கா எழுதினது” என்றேன்.