வீடுதான் போகிறது

லும்பங்கன்,
செப்டம்பர் 28, 1995

அன்புள்ள கும்பாரே எல்பிடியோ,

சுகமாக இருக்கிறீரா? நாம் முகம் பார்த்துப் பேசி ஒன்றரை வருடமாகிறது. உம் மகள் தெல்மாவுக்கு ஞானத்தந்தையாக நின்று உமக்குக் கும்பாரே ஆனவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். ஊர்த்தலைவர் எழுதியது என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிடாதீர்.

முனிசிபாலிட்டி இன்ஜினியர் வந்து ஆற்றங்கரை வீடுகளைப் பார்த்துவிட்டுப் போனார். கரை அடியில் நன்றாக அரித்துவிட்டதாம். அடுத்த பெரிய வெள்ளத்துக்கு உம் வீட்டின் மூங்கில் கால்கள் நிற்கிற மண்ணே இருக்காது என்கிறார். அங்கே இருந்த மற்றவர்கள் மேட்டுக்கு வரச் சம்மதித்துவிட்டார்கள். நீர் ஒருவர்தான் பாக்கி. தேவாலயத்துக்குப் பின்னால், என் வீட்டுக்கு எதிரே, என் நிலத்தில் ஒரு துண்டு சும்மா கிடக்கிறது. அங்கே வந்து இரும். வாடகை, குத்தகை என்ற பேச்சே வேண்டாம்.

கடைக்காரி மாமெங் கையில் கொஞ்சம் கருவாடு கொடுத்திருக்கிறேன். உமக்குப் பிடித்த மீன்தான்.

உம்முடைய,
கலிக்ஸ்டோ


ஆற்றங்கரை,
செப்டம்பர் 30, 1995

மதிப்பிற்குரிய ஊர்த்தலைவர் கலிக்ஸ்டோ அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கருவாட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நன்றி.

நான் பள்ளிக்கூடம் போகாதவன். மாமெங்கின் கடையில் சாமான் மடித்துத் தரும் பழைய செய்தித்தாள்களைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுத்துக் கற்றவன். ஆனாலும் தேர்தல் சட்டத்தை வாங்கி, வரி விடாமல் படித்திருக்கிறேன். இரண்டு பேருக்கும் சமமாக ஓட்டு விழுந்தால் சீட்டுக் குலுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. நாணயத்தைச் சுண்டச் சொல்லி எந்த இடத்திலும் இல்லை.

தங்களுக்கும் எனக்கும் ஓட்டுச் சமமாக விழுந்த அன்று, முனிசிபாலிட்டி கூடத்தில் ஒரு பேசோ நாணயத்தைச் சுண்டினார்கள். அது மேசைக்கு அடியில் உருண்டு போயிற்று. குமாஸ்தா ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, "தலைதான், தலைதான்" என்றான். வேறு யாரும் பார்க்கவில்லை. தங்கள் ஆட்கள் தங்களைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "இன்னொரு தரம் சுண்டுங்கப்பா" என்று தாங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அதனால்தான் எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன். "இந்த ஆளு தலைவரா இருக்கிற வரைக்கும், இவரு பேச்சைக் கேட்டு என் வீட்டு ஏணியில ஒரு படிகூட எறங்க மாட்டேன்." சொன்னது சொன்னதுதான். முனிசிபாலிட்டி வேண்டுமானால் இன்னொரு இன்ஜினியரை அனுப்பட்டும். இவர் பூட்ஸில் சேறு படாமல் கரையைப் பார்த்துவிட்டுப் போனவர்.

இப்படிக்கு,
எல்பிடியோ


லும்பங்கன்,
அக்டோபர் 9, 1995

கும்பாரே,

அந்த நாணயத்தை நானும் பார்க்கவில்லை. இப்போது புயலைப் பற்றி எழுதுகிறேன்.

வானொலியில் மூன்றாம் எண் எச்சரிக்கை சொல்லிவிட்டார்கள். நாளை இரவு நம் பக்கம் கரையேறும் என்கிறார்கள். ஆற்றங்கரைக்காரர்கள் பாய், பானை, பன்றியோடு தேவாலயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். பாதிரியார் பன்றிகளை மட்டும் வெளியே கட்டச் சொன்னார். அதிலும் ஒன்று உள்ளே வந்து பீடத்துக்கு அருகில் படுத்திருக்கிறது.

நீர் ஏணியை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டீராம். கூடையில் கயிறு கட்டி அரிசி வாங்கிக்கொள்கிறீராம். மாமெங் வந்து என்னிடம் சத்தம் போட்டாள். "ரெண்டு கெழவனுக்கும் நடுவுல நான் தபால்காரி ஆயிட்டேன். ஒருத்தராச்சும் தபால்தலைக்குக் காசு குடுத்தீங்களா? அந்த மனுசனை ஆறு கொண்டு போச்சுன்னா, அப்புறம் நீங்க யாருக்குக் கடுதாசி எழுதுவீங்க?"

வந்துவிடும் கும்பாரே. தலைவன் சொல்லி வர வேண்டாம். தெல்மா சொன்னதாக வைத்துக்கொண்டு வாரும்.

கலிக்ஸ்டோ


ஆற்றங்கரை,
அன்றே மாலை

ஊர்த்தலைவர் அவர்களுக்கு,

தெல்மா எனக்குத் தனியாக எழுதத் தெரிந்தவள். தாங்கள் அவள் பெயரை எடுக்க வேண்டாம்.

ஆற்றுக்கும் எனக்கும் சண்டை கிடையாது. அது என்னிடம் ஓட்டுக் கேட்டு வந்ததில்லை. நான் இறங்கமாட்டேன்.

எல்பிடியோ


அக்டோபர் 10, விடியற்காலை

கும்பாரே,

சரி. நீர் இறங்க வேண்டாம். ஏணி மேலேயே இருக்கட்டும்.

அடுப்பை மட்டும் அணைத்துவிடும். தண்ணீர்ப் பானையை மடியில் வைத்துக்கொள்ளும்.

கலிக்ஸ்டோ


மேட்டு நிலம்,
அக்டோபர் 14, 1995

கும்பாரே கலிக்ஸ்டோ,

தண்ணீர்ப் பானையை ஏன் மடியில் வைக்கச் சொல்கிறீர் என்று கடிதத்தைப் படித்தபோது எனக்கு விளங்கவில்லை. உமக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றே நினைத்தேன். இருந்தாலும் வைத்துக்கொண்டேன். அடுப்பையும் அணைத்தேன். அது உம் பேச்சைக் கேட்டதாக ஆகாது. விறகு ஈரமாக இருந்தது.

நீர் கீழே இருந்தீர். மேலே என்ன நடந்தது என்று உமக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுக்கு அடியில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. வீட்டுக் கால்களைச் சுற்றித் தோண்டுகிறார்கள் என்று தெரிந்தது. பிறகு நீளநீள மூங்கில்களைத் தரைக்கு அடியில் கொடுத்துக் கட்டினார்கள். நான் கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். இருபது பேராவது இருப்பார்கள். எல்லாம் எனக்குத் தெரிந்த குரல்கள். என் சின்ன வயதிலிருந்து எத்தனையோ வீடுகளுக்கு இப்படித் தோள் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஆளை உள்ளே வைத்து யாரும் தூக்கியதில்லை.

ஒருவன் கேட்டான், "தலைவரே, பெரியவர் இன்னும் உள்ளதான் இருக்காரு. கீழ எறக்கிட்டுத் தூக்குவமா?"

அதற்கு நீர் சொன்னது ஓலை வழியாக நன்றாகக் கேட்டது. "அவரை ஒண்ணும் சொல்லாதீங்கடா. அவரு எங்கேயும் போகல. வீடுதான் போகுது."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பானையைப் பிடித்துக்கொண்டேன்.

தூக்கியதும் வீடு கிழக்குப் பக்கம் சாய்ந்தது. "பெரியவரே, கொஞ்சம் நடுவுல நகந்து உக்காருங்க. எடை எல்லாம் எங்க பக்கம் வருது. வீறாப்பும் சேர்ந்து கனக்குது" என்று எவனோ கத்தினான். நான் நகர்ந்து உட்கார்ந்தேன். அது அவர்களுக்காக. அவர்களில் யாரும் நாணயம் சுண்டவில்லை.

வயலில் இறங்கியபோதுதான் குனிந்து பார்த்தேன். என் தரை மூங்கில் பத்தை. இடுக்கு வழியாகக் கீழே எல்லாம் தெரியும். வடக்கு மூலையில் ஒரு வழுக்கைத் தலை தெரிந்தது. மழை அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. மூங்கிலைத் தாங்கிய அந்தத் தோள், எருமை முட்டியதிலிருந்து உமக்குச் சரியில்லை என்று எனக்குத் தெரியும். தலைவராக இருப்பவர் முன்னால் நடந்துகொண்டு "இப்படி, அப்படி" என்று கை காட்டினால் போதும். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீர் மேடு வரைக்கும் தோளை மாற்றவில்லை. பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

அன்று இரவு கூரையில் கொஞ்சம் ஓலை பறந்தது. வேறொன்றும் ஆகவில்லை. பொழுது விடிந்ததும் ஏணியை இறக்கிப் போட்டு, யாரும் சொல்லாமல் நானாக இறங்கி ஆற்றுக்குப் போனேன். என் பலாமரம் இல்லை. கக்கூஸ் இல்லை. வீடு இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றேன். திரும்பி வரும்போது மேட்டில் என் வீடு தெரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மூச்சு ஒழுங்காக வந்தது.

இன்னொன்றும் தோன்றியது. அன்று தேர்தலில் நான் ஜெயித்து, நீர் கரையில் பிடிவாதம் பிடித்திருந்தால், நான் போலீஸை வைத்து உம்மை இழுத்து வரச் சொல்லியிருப்பேன். வீட்டோடு தூக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்காது.

இதற்காகத் தேர்தல் செல்லும் என்று நான் ஒப்புக்கொண்டதாக நினைக்காதீர். அது செல்லாது. சீட்டுத்தான் குலுக்கியிருக்க வேண்டும்.

மேலும் சில குறைகள் இருக்கின்றன. என் கதவை உம் கதவுக்கு நேராக வைத்துவிட்டீர்கள். காலையில் எழுந்ததும் நீர் பல் துலக்குவதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. உம் சேவல் நேரம் தெரியாமல் கூவுகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, வீடு தூக்கியவர்களுக்குச் சாப்பாடு போடாத மனிதனாக என்னை ஆக்கிவிட்டீர். நம் ஊரில் அப்படி ஒருவன் இருந்ததில்லை. வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் என் வீட்டில் இஞ்சி போட்டுக் கோழிக்கஞ்சி. எல்லோருக்கும் சொல்லிவிட மாமெங்கிடம் கேட்டிருக்கிறேன். தபால்தலைக் காசையும் கொடுத்துவிட்டேன். உம் பங்கை நீரே கொடும்.

நீங்கள் கட்டிய மூங்கில்கள் இன்னும் என் தரைக்கு அடியில்தான் கிடக்கின்றன. நேற்று அவிழ்க்கப் பார்த்தேன். ஈரத்தில் கயிறு இறுகிப் போயிருக்கிறது. ஒருவர் மூங்கிலைத் தூக்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் முடிச்சை அவிழ்க்க முடியும். அறுத்துவிடலாம், ஆனால் நல்ல கயிறு.

அதனால் ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வாரும். ஏணி கீழேதான் இருக்கிறது.

உம் கும்பாரே,
எல்பிடியோ

பி.கு. அந்தக் கருவாடு மிச்சம் இருந்தால் கையோடு கொண்டுவாரும்.