இரண்டாம் நபரும் நானும் ஒரே சுற்றுவழியில் கணக்குப் போட்டது குறித்து

அனுப்புநர்:
தனித்தேர்வர் (தங்கள் குறிப்பாணையில் ‘முதல் நபர்’),
மருந்துக் கடையில் பில் போடுபவர்,
கீழ் வீடு.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
தனித்தேர்வர் பிரிவு.

பொருள்: கணிதத் தேர்வு முடிவை நிறுத்தி வைத்ததும், விசாரணை என்ற பெயரில் நடந்ததும் – புகார் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் குறிப்பாணை (உறை ஒருமுறை பிரிக்கப்பட்டு மறுபடி ஒட்டப்பட்ட நிலையில் வந்து சேர்ந்தது).

மதிப்பிற்குரிய ஐயா,

1. மாலை நேரப் பட்டயப் படிப்பில் சேர்வதற்காகக் கணிதத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதினேன். அதில் சேர்வதற்கான வயது வரம்பு எனக்கு இந்த ஆண்டோடு முடிகிறது. சேர்க்கை இந்த வாரக் கடைசியில் மூடப்படும். “அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்று ஆறுதல் சொல்பவர்கள் என் வயது தெரிந்து சொல்கிறார்களா, தெரியாமல் சொல்கிறார்களா என்று எனக்கு விளங்கவில்லை.

2. நானும் ‘இரண்டாம் நபரும்’ ஒரே கூடத்தில் தேர்வு எழுதினோம். இருவருக்கும் ஒரே கதவு எண். நுண்கணிதப் பகுதியில் வகுத்தல் வரும் எல்லாக் கணக்குகளையும், வேறு எவரும் செய்யாத ஒரே சுற்றுவழியில் செய்து சரியான விடை எழுதியிருக்கிறோம். ஆகவே ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியதாகச் சந்தேகம் என்கிறது குறிப்பாணை. சந்தேகப்பட்டது தவறென்று சொல்ல மாட்டேன். நானும் எளிதில் யாரையும் நம்புகிறவள் அல்ல. ஆனால் சந்தேகம் வந்தால் நான் போய் விசாரிப்பேன். தங்கள் அலுவலகம் அதைச் செய்யவில்லை.

3. இரண்டாம் நபர் என் கொழுந்தனாரின் மனைவி, அதாவது என் ஓர்ப்படி. மாடி வீட்டில் இருக்கிறார். தண்ணீர் மோட்டாரை யார் ஓடவிட்டுவிட்டுப் போனது என்பதில் தொடங்கிய சண்டையில் எங்களுக்குள் பேச்சுவார்த்தை நின்று வருடக்கணக்கில் ஆகிறது. (மோட்டாரை நான் ஓடவிடவில்லை.) மாடிப்படிக்குத் தனி வாசல் வைத்தாயிற்று. மின் மீட்டரையும் பிரித்தாயிற்று. அவசியமான சேதிகளை என் மாமியார்தான் மேலும் கீழும் கொண்டுபோகிறார். “ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் ஊமை நாடகம் போடுறீங்க, நடுவுல என் முட்டிதான் தேயுது” என்று அவர் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருப்பதால் சாட்சிக்குக் குறைவில்லை.

4. தேர்வுக்கூடத்தில் அவரைப் பார்த்ததும் என்னை வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் எனக்குப் பின்வரிசையில் இருந்தார். எட்டிப் பார்த்துவிடுவாரோ என்று விடைத்தாளை இடதுகையால் மூடிக்கொண்டேதான் கடைசிவரை எழுதினேன். அறைக் கண்காணிப்பாளர் இருமுறை வந்து, “கையை எடுங்கம்மா, உங்க பேப்பரை யாரும் திங்கப் போறதில்ல” என்றார். இப்படி மூடி வைத்த தாளை ஒருவர் எப்படிப் பார்த்து எழுத முடியும் என்று அவரையே கேட்கலாம். எனக்கு முன்வரிசையில் இருந்தது ஒரு சுவர்.

5. நான் கணிதம் படித்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தனிப்பயிற்சிக்குப் போகும் வசதி எனக்கில்லை. நூலகத்தில், அச்சிடுவதை நிறுத்திவிட்ட ஒரு பழைய கணிதப் புத்தகம் இருந்தது. அதைத் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் நகலெடுத்தேன். கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கும் பாடங்களைக் கேட்டுக்கொண்டு, வாசகம் புரியாத இடத்தில் படத்தைப் பார்த்து, படமும் புரியாத இடத்தில் அழுது, மறுநாள் மறுபடி உட்கார்ந்தேன். வளைகோட்டின் ஒரு புள்ளியில் அதன் சாய்வைக் கண்டுபிடிக்கலாம் என்பது முதன்முதலில் விளங்கிய அன்று, கடையில் இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுவலி மாத்திரைக்குப் பில் போட்டேன். அவ்வளவு சந்தோஷம்.

6. குறிப்பாணை வந்த பிறகுதான், வகுத்தல் வடிவில் வருவதன் சாய்வைக் கண்டுபிடிக்கவென்று தனியாக ஒரு நேர்வழி விதி உண்டு என்பதே எனக்குத் தெரிந்தது. நூலகத்துக்குப் போய்ப் பார்த்தேன். அந்த விதி புத்தகத்தில் இருக்கிறது, என் நகலில் இல்லை. கடைக்காரர் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டியிருக்கிறார். விதி தெரியாததால் வகுத்தலைப் பெருக்கலாக மாற்றி, கீழே இருப்பதன் அடுக்கை மைனஸாக்கி, தெரிந்த பெருக்கல் விதியால் ஒவ்வொரு கணக்கையும் முடித்தேன். அது தப்பான வழியல்ல, நீளமான வழி. கடைக்காரரைப் பிடித்து உலுக்கியதில், என் நகலை எடுத்தபோதே, என்னைக் கேட்காமல் அதே தாள்களில் இன்னொரு பிரதியும் எடுத்து வைத்திருந்ததை ஒப்புக்கொண்டார். யாருக்கு விற்றீர்கள் என்று கேட்டேன். “உங்க மாடி வீட்டம்மாதான். கீழ சொல்லிடாதீங்கன்னாங்க. அதான் சொல்லல” என்றார்.

7. இன்னொன்று. என் குளியலறைக் காற்றுத்துளை வழியே மாடியில் நடப்பது கேட்கும். நான் கேட்கும் அதே பாடம் மேலேயும் ஓடுவதைப் பல மாதங்கள் கேட்டிருக்கிறேன். என்னைக் கேலி செய்யத்தான் போடுகிறார் என்று நினைத்து, என் கைப்பேசியின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். அவரும் கூட்டினார். ஆசிரியர் ஒரே வரியை மேலும் கீழும் கத்திக்கொண்டிருந்தார். கேலி செய்கிறவள் (மன்னிக்கவும், செய்கிறவர்) ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்க மாட்டார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

8. விசாரணைக்குப் போன என்னைத் தங்கள் அலுவலக உதவியாளர் தனியாக அழைத்து, “அவங்கதான் உங்களைப் பார்த்து எழுதினாங்கன்னு ஒரு வரி எழுதிக் குடுங்கம்மா. உங்க ரிசல்ட் நாளைக்கே வந்துடும்” என்றார். தயங்கினேன். “அவங்க உங்க மேல எழுதிக் குடுத்துட்டுப் போயாச்சு. நீங்க எதுக்கு நல்லவங்களா இருக்கீங்க?” என்றார். அந்தக் காகிதத்தைக் காட்டச் சொன்னேன். கோப்பின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். அவர் மாடியிலும் இதையேதான் சொல்லியிருப்பார் என்பது என் சந்தேகம். இதுவே என் முதன்மைப் புகார்.

9. வீட்டுக்கு வந்து அந்த ஒரு வரியை எழுதியும் பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. வயது வரம்பு முடிவது எனக்குத்தான், அவருக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. பேனா அதுபாட்டுக்குப் போய்விட்டது. எழுதி முடித்ததும் படித்தேன். அது பொய். கிழித்துப் போட்டேன். மோட்டார் விஷயத்தில் அவரை நான் இன்றும் நம்பவில்லை. இந்தக் கணக்குகளை அவர் தானாகத்தான் போட்டார் என்பதை நம்புகிறேன். அவர் என்மேல் எழுதிக் கொடுத்தது உண்மையாகவே இருந்தாலும் இதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஆகவே, எங்கள் இருவரையும் வெவ்வேறு அறையில் உட்கார வைத்துப் புதிய கணக்குகள் கொடுத்துப் பார்க்கவும், மேற்படி உதவியாளரை விசாரிக்கவும், வாரம் முடிவதற்குள் இருவரின் முடிவையும் வெளியிடவும் கேட்டுக்கொள்கிறேன். ஒருவருடையதை மட்டும்தான் வெளியிட முடியும் என்றால், அது என்னுடையதாக இருக்க வேண்டாம்.

பதிலை எதிர்பார்த்து, நம்பிக்கை பாதியும் சந்தேகம் பாதியுமாக,

முதல் நபர்
(கையொப்பம்)

நாள்: சேர்க்கை மூடும் வாரத்தின் திங்கட்கிழமை
இடம்: கீழ் வீடு

நகல்: இரண்டாம் நபர், மாடி வீடு. (தபாலிலும் அல்ல, மாமியார் மூலமாகவும் அல்ல. நானே படியேறிக் கொடுக்கிறேன்.)