கடி என்று அவள் சொன்னாள்

மட்டாஞ்சேரி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் முஹ்சினாவுக்கு உம்மாவின் சலாம். படைத்தவன் கருணையால் நானும் வாப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாகப் பின்வாசலைத் திறந்து, அங்கே வந்து படுக்கும் சாம்பல் பூனைக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். அது நக்கிக் குடித்து விழுங்குகிறதா என்று நின்று பார்த்தேன். குடித்தது. அதன் பிறகுதான் ஒளு செய்து தொழுதேன். இப்போதெல்லாம் தினமும் இப்படித்தான். வாப்பா பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரியில் பார்ப்பது போதாதென்று வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டாயா என்று சிரிக்கிறார், அவருக்குக் காரணம் தெரியாது.

நேற்று வீடியோவில் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்டாயே, தூக்கம் சரியில்லை என்றேன். அது பாதி உண்மை. போனில் சொன்னால் நடுவில் மலையாளத்துக்குத் தாவி, என்மேல் பெரிய குற்றம் வராதபடி சொல்லி முடித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். தமிழ் எழுத்து உனக்குத் தடுக்கும், வாய்விட்டுப் படி, கண்ணுக்குப் பிடிபடாதது காதுக்குப் புரியும். வீட்டுச் சேதி பெரிதாக ஒன்றுமில்லை. வாப்பாவுக்குச் சர்க்கரை அடங்கியிருக்கிறது, ஆனால் கடையில் நான் இல்லாத நேரம் பழம்பொரி தின்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் காட்டிக்கொடுத்துவிட்டார். மழையில் உன் அறைச் சுவர் மறுபடி ஊறுகிறது, உன் புத்தகங்களைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கடைத்தெருவுக்குப் பின்னால் சுக்கு குடோன்கள் இருக்கும் சந்தில் பாண்டிச்செல்வி என்று ஒருத்தி வாடகைக்கு இருக்கிறாள். விருதுநகர்ப் பக்கம். புருஷன் வீரபாண்டி கட்டட வேலைக்குப் போகிறான், பொன்மணி என்று ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தை. ஒரு வெள்ளாடு வளர்த்தார்கள், பால் கறந்து சந்தில் இரண்டு வீட்டுக்குக் கொடுப்பார்கள். போன மாதம் ஒருநாள் அந்த ஆட்டை இழுத்துக்கொண்டு சுள்ளிக்கல்லில் நான் வேலை பார்க்கும் மிருக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நல்ல கூட்டம். கவுண்டரில் இருக்கும் ஷங்கர் அவள் பெயரைக் கூப்பிடும்போது ‘பாண்டி’ என்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, அப்புறம் ‘செல்வி’ என்றான். உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நம் தமிழ் ஆட்களை இங்கே பாண்டி என்று சொல்லும்போது அதில் என்ன தொனி இருக்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மகளே, நானும் சிரித்தேன். அங்கே யாருக்கும் நான் தமிழ் என்று தெரியாது. பெயர் ரபியா, தலையில் முக்காடாகத் தட்டம், மலையாளப் பேச்சில் பிசிறு இல்லை, ஆலப்புழைப் பக்கம் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை.

உள்ளே வந்தவள் எனக்காகச் சிரமப்பட்டு மலையாளத்தில் சொன்னாள், “காலில் கடியுண்டு சேச்சி.” இங்கே அரிப்புக்கும் கடி என்றுதான் சொல்வார்கள், சாயாவுக்குத் தொட்டுக்கொள்ளும் வடைக்கும் கடிதான், சின்ன வயதில் நீ அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். ஆடு பின்னங்காலை மேசையில் தேய்த்துக்கொண்டே இருந்தது, இடையிடையே திரும்பி அந்த இடத்தைப் பல்லால் கோதியது. நான் டாக்டர் சேவியரிடம் திரும்பி, காலில் சொறிச்சிலாம் டாக்டரே என்றேன். அவளுடைய மலையாளம் தமிழ் வாடை அடிக்கிற மலையாளம் என்று முதல் சொல்லிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. என்ன கடிச்சுது, எப்போ, என்று தமிழில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டிருந்தால் ஷங்கரின் காதில் விழுந்திருக்கும். கேட்கவில்லை.

மிருக வைத்தியத்தில் கொண்டுவந்தவர்கள் சொல்வதுதான் பாதி வழி காட்டும், ஆடு வாய் திறந்து சொல்லப் போவதில்லை. நான் சொன்னதை வைத்துத்தான் டாக்டர் பார்த்தார். காலில் தோலைச் சுரண்டி எடுக்கச் சொன்னார். எடுத்தேன், ரோமத்தை விலக்கியபோது காய்ந்த ஒரு தழும்பு தெரிந்தது, தேய்த்துத் தேய்த்துப் புண்ணாகியிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கண்ணாடியில் எண்ணெய் விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், சொறிப்பூச்சி ஒன்றும் இல்லை. நெகட்டிவ் என்றேன். நெகட்டிவ் என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, எடுத்த துளியில் கண்ணில் படவில்லை என்றுதான் அர்த்தம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாக விளக்குவேன், அன்றைக்கும் டாக்டர் அதையே சொல்லிச் சொறிக்கு ஊசி போட்டார். அவர் செய்தது முறைதான். நான் கொடுத்த சொல்தான் தப்பு.

ஒரு வாரம் போயிருக்காது, ஆட்டைச் சுமந்துகொண்டு வந்தாள். வாயிலிருந்து கோழை கயிறாக வடிகிறது, குரல் உடைந்து மனிதர் கத்துவது மாதிரி கத்துகிறது, தண்ணீர் இறங்கவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று நினைத்துக் காலையில் வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தாளாம். டாக்டர் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார், யாரும் தொடக் கூடாது என்றார், நாய் கடித்ததா என்று கேள் என்று என்னிடம் சொன்னார். பயத்தில் எனக்கு மலையாளம் வரவில்லை. தமிழில்தான் கேட்டேன். அவள் ஆட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். “நீங்க தமிழாக்கா?” என்றாள். பிறகு, “அன்னைக்கே கடின்னு சொன்னேனேக்கா.” அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். அந்த நிலையிலும் அவளுக்கு ஒரு ஆறுதல், தெரிந்த பாஷைக்காரி ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று.

தெருநாய் ஒன்று முன்பே ஒருநாள் பின்னங்காலைக் கவ்வியிருக்கிறது, சின்னக் காயம், மஞ்சள் வைத்து ஆறிவிட்டது. வெறிநோய் கண்ட ஆட்டுக்குக் கடிபட்ட இடம் அரிக்கும், அதனால்தான் தேய்த்திருக்கிறது. அதாவது, நான் சொன்ன அரிப்பும் உண்மை, அவள் சொன்ன கடியும் உண்மை. இதைப் படித்தவள்தான் நான். ஆடு அன்று சாயங்காலமே செத்துப்போனது. தலையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நெகட்டிவ் வரட்டும் என்று துஆ செய்தேன், அது வந்தாலும் முழுசாக நம்ப முடியாது என்று தெரிந்தே செய்தேன். பாசிட்டிவ் வந்தது.

பயப்படாதே, அவர்கள் மூன்று பேருக்கும் ஆடு செத்த அன்றைக்கே ஊசி ஆரம்பித்துவிட்டார்கள், பாண்டிச்செல்வி கையில் நகக்கீறல் இருந்ததால் அவளுக்குக் கூடுதல் மருந்தும் போட்டாகிவிட்டது, ஒழுங்காக முடித்தால் ஒன்றும் ஆகாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் உறுதியாகச் சொன்னார். எனக்கு வேலையில் சேர்ந்தபோதே போட்டது, மறுபடியும் போட்டுக்கொண்டேன். பால் வாங்கிய வீடுகளிலும் காய்ச்சித்தான் குடித்திருக்கிறார்கள், அதனால் பயமில்லை.

எனக்கு வெட்கமாக இருப்பது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி. விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். முதல் நாள் கொண்டுவந்தபோதே ஏன் சந்தேகப்படவில்லை என்று டாக்டரைக் கேட்டார். கடித்த விஷயத்தை ஆட்டுக்காரி சொல்லவில்லை என்றார் டாக்டர். அவர் பொய் சொல்லவில்லை, அவர் காதுக்கு அந்தச் சொல் வரவேயில்லை. என் பக்கம் திரும்பி, அப்படித்தானே என்பதுபோல், “அல்லே ரபியா?” என்றார். நான் தலையாட்டினேன். ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, தலைதான் ஆடியது, பேசியிருந்தால்கூட இவ்வளவு அசிங்கமாகத் தோன்றாது. அந்தத் தலையாட்டல் ஆஸ்பத்திரியிலிருந்து சந்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பாண்டிகள் நாய் கடித்ததை மறைத்துவிட்டு நமக்குப் பால் விற்றார்கள் என்று பேச்சு. பொன்மணியோடு பிள்ளைகளை விளையாட விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சந்துக்காரர்கள் கூடிப் பேசப் போகிறார்கள், அதற்குள் காலி செய்துவிட்டால் மரியாதையாக இருக்கும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டாராம்.

நேற்று ஊசி வரிசையில் பாண்டிச்செல்வியைப் பார்த்தேன். ஒளியலாம் என்று பார்ப்பதற்குள் அவளே கையைப் பிடித்துக்கொண்டாள். பொன்மணி சட்டைக் கையைத் தூக்கி, “எனக்கு வலிக்கவே இல்ல, அத்தை” என்று ஊசி போட்ட இடத்தைக் காட்டியது, ஆட்டுக்கு முன்னாலேயே ஊசி போட்டிருந்தால் அதற்கும் வலித்திருக்காதா என்று கேட்டது. நான் அதன் தலையைத் தடவினேன். பாண்டிச்செல்வி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “எனக்கு மலையாளம் சரியாப் பேச வரலைக்கா, நாய் கடின்னு தெளிவாச் சொல்லியிருக்கணும், என் தப்புத்தான். நீங்க நம்ம ஆளு. வேற எங்கயாச்சும் ஒரு வீட்டுக்குச் சொல்லிவிடுங்கக்கா.” பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், நான் பார்க்கலாம் என்கிறேன். நேற்று உன் முன்னால் வாடியிருந்தது அந்த முகம்தான்.

நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வாசலில் என்னைத் தமிழில் கூப்பிட்டால் கையைக் கிள்ளுவேன், ஞாபகம் இருக்கும். நீ அழாமல் மலையாளத்தில் மாற்றிக் கூப்பிடுவாய். இதையெல்லாம் உனக்கு எழுதுவது என் மனப்பாரத்தை உன் தலையில் இறக்கிவைக்க இல்லை. நீயும் நோயாளிகளோடு இருக்கிறாய், உனக்கும் அந்த ஜெர்மன் பாஷை புதிது. அங்கே ஒரு கிழவர் ஒரு சொல் சொல்லி, அது உனக்குத் தெரிந்த சொல் மாதிரி இருந்தால், உடனே தலையாட்டிவிடாதே. இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேள். கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். அவள் சொல்லவில்லை என்று அதிகாரிக்கு நாங்கள் கொடுத்த பதிலும் ஒரு நெகட்டிவ் முடிவுதான், நான் கேட்கவில்லை என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

சாப்பாட்டை விட்டுவிட்டு வேலைக்கு ஓடாதே, வைட்டமின் மாத்திரையை ஞாபகமாகப் போடு, அனுப்பிய நார்த்தங்காயைத் திறந்ததும் எண்ணெய் ஊற்றி வை, இல்லாவிட்டால் பூத்துவிடும். வாப்பாவுக்குப் பழம்பொரி விஷயமாக ஒரு மிரட்டல் செய்தி அனுப்பு, நான் சொன்னால் கேட்க மாட்டார். இறைவன் உன் கையைச் சுகம் தரும் கையாக வைக்கட்டும், உன்னை நல்லவர்கள் நடுவில் வைக்கட்டும், யாருக்கு முன்னாலும் நீ உன் நாக்கை ஒளிக்க வேண்டிய நிலை வராமல் இருக்கட்டும். ஆமீன்.

வாப்பாவுக்கோ டாக்டருக்கோ இன்னும் தெரியாத ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் அந்தச் சந்துக்குப் போகிறேன். அவள் சொன்னாள், என்னிடம்தான் சொன்னாள், மறைத்தது அவள் இல்லை என்று அத்தனை பேர் முன்னாலும் மலையாளத்தில் சொல்வேன். சொல்லி முடித்துவிட்டு, அவர்கள் கேட்கும்படியாகவே, பாண்டிச்செல்வியிடம் தமிழில் மன்னிப்புக் கேட்பேன். திங்கட்கிழமை ஷங்கர் என்னையும் எப்படி வேண்டுமானாலும் நிறுத்தி நிறுத்திக் கூப்பிடட்டும், வேலை இருந்தால்.

இப்படிக்கு,
உன் உம்மா,
கடையநல்லூர் ரபியா.