பிஷப் நடந்த மூலை

12 பிப்ரவரி 1968, திங்கள்

எல்லாம் நான் முன்னமே சொன்னதுதான். தீபாவளி சமயத்திலேயே சொன்னேன், எங்கள் முதலாளி நடராசன் கல்லறைத் தோட்டத்தின் மேல் கண் வைத்துவிட்டார், பொங்கல் கழிந்ததும் அளக்க ஆள் வரும் என்று. யார் கேட்டார்கள்? இன்று வந்துவிட்டது. சூளையில் விறகு தள்ளிக்கொண்டே சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கிறேன், டேப்பின் ஒரு முனை கோயில் கமிட்டிச் செயலாளர் மாசிலாமணி வாத்தியார் கையில். மறு முனை எங்கள் ஜாடிக் கம்பெனிக் கணக்குப்பிள்ளை கையில். இந்த இரண்டு பேருக்கும் ஒரே டேப்பில் என்ன வேலை?

அது ஜங்ஷன் பக்கத்தில் வெள்ளைக்கார ரயில்வே துரைமார் கட்டிய கோயில். அதன் கல்லறைத் தோட்டம் எங்கள் கம்பெனிச் சுவரை ஒட்டியே இருக்கிறது. துரைமார் போனபிறகு நம்மூர்க் கிறிஸ்தவர்கள் அங்கே அடக்கம் செய்கிறார்கள். வடகிழக்கு மூலையில் மட்டும் யாரும் இல்லை. ஒரு குழந்தையைத் தவிர.

என் அக்காள் மகள் காசியம்மாளின் குழந்தை. முந்தின வருஷம் பிறந்தது, பிறந்த மறுநாளே போய்விட்டது. பெயர் வைக்கவில்லை, ஞானஸ்நானம் ஆகவில்லை. காசி கட்டிக்கொண்டது கிறிஸ்தவப் பையன், ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் நல்லமுத்து. (அந்தக் கல்யாணத்தையே நடத்தி வைத்தவன் நான். தாலி கட்டியது ஒன்றுதான் மாப்பிள்ளையின் வேலை.) அப்போதிருந்த போதகர் இரக்கப்பட்டு அந்த மூலையில் இடம் கொடுத்தார்.

அந்த மூலையைத்தான் அளந்தார்கள். எதற்கென்று எனக்குத் தெரியும். மழைக்கு முன் களிமண் வாங்கிக் குவித்து வைக்க எங்களிடம் இடம் இல்லை.

14 பிப்ரவரி, புதன்

கணக்குப்பிள்ளை எனக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தான். காரணமில்லாமல் வெற்றிலை தருகிறவனை நான் நம்புவதில்லை. போட்டுக்கொண்டேன்.

18 பிப்ரவரி, ஞாயிறு

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே வரும்போது கோயில் வாசலில் போய் நின்றேன். நான் திருநீறு பூசுகிறவன், உள்ளே போவதில்லை. மாசிலாமணி வாத்தியாரை நேராகவே கேட்டேன். ஐந்தாண்டுக் குத்தகைக்குக் கம்பெனிக்கு விடப் போவதாக அவரே ஒப்புக்கொண்டார். கோயில் கூரைக்கு ஓடு மாற்ற வேண்டுமாம்.

"அங்க புள்ள படுத்திருக்குது வாத்தியாரய்யா."

"அது வெறும் மண்ணு, சக்கரபாணி. பிஷப்பு வந்து எல்லையச் சுத்தி நடந்து ஜெபம் பண்ணி, பத்திரத்துல கையெழுத்துப் போட்டாத்தான் கல்லறைத் தோட்டம். அதுக்குப் பேரு பிரதிஷ்டை. அப்படிப் பண்ண மண்ண யாரும் வேற எதுக்கும் தொட முடியாது. ஆனா அந்த மூலைல பிஷப்பு நடக்கல. சேறா இருக்குதுன்னு குறுக்கால திரும்பிட்டாரு. அதான் பழைய போதகரு ஞானஸ்நானம் இல்லாத புள்ளைய அங்க வெச்சாரு."

"நடந்தாரு. நான் பார்த்தேன்."

"நீ எதத்தான் பார்க்கல? போன வருஷம் வெள்ளாத்துல முதல பார்த்தேன்ன."

"அது முதலதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். பிஷப் நடந்ததை நான் பார்த்தேன். என் அப்பா அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த வருஷம் அது. வெள்ளை அங்கி போட்ட பிஷப் முன்னால் போக, துரைமார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னால் போனார்கள். அந்த மூலையில் கருவேல முள்ளில் பிஷப்பின் அங்கி மாட்டிக்கொண்டது. ஒரு துரைசானி மண்ணில் முட்டி போட்டு அதைக் கழற்றிவிட்டாள். ஒவ்வொரு மூலையிலும் சிலுவை வெட்டின கல் ஒன்றைப் புதைத்தார்கள். நான் சொல்லும்போது பேண்டு வாத்தியமும் சேர்த்துச் சொல்வதுண்டு. பேண்டு இருந்ததா என்பது இப்போது நிச்சயமில்லை. இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

சேறு என்று வாத்தியாருக்கு யார் சொன்னது? பிஷப் வந்தது பங்குனியில். அந்த வெயிலில் எங்கிருந்து சேறு?

22 பிப்ரவரி, வியாழன்

நல்லமுத்து மேலேயே எனக்கு இப்போது சந்தேகம். இந்த வாரத்தில் இரண்டாம் தடவையாக அவனைப் புதுப் போதகர் வீட்டு வாசலில் பார்த்தேன். என்னைக் கண்டதும் குல்லாயைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்க்கிறான். குத்தகைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருப்பானோ? கமிட்டியில் ஸ்டேஷன் மாஸ்டரும் இருக்கிறார். குவார்ட்டர்ஸ் தருகிறேன் என்றால் மனுஷன் மாறமாட்டானா? நான் எட்டாவது வரை படித்தவன். (ஐந்துதான். ஆனால் ஐந்துக்கும் எட்டுக்கும் பெரிய தூரமில்லை.) முகத்தைப் பார்த்தே படித்துவிடுவேன்.

25 பிப்ரவரி, ஞாயிறு

காசி வீட்டுக்குப் போனேன். அடுப்பு பற்றவைக்கவில்லை. பாய் விரித்தபடி கிடக்கிறது. முகம் சுண்டிப் போயிருக்கிறது.

"மண்ணு கொட்டிட்டா எனக்கு எடம் தெரியாமப் பூடும் மாமா. இப்பவே கல்லு இல்ல, பேரு இல்ல. செம்பருத்திக் குச்சி ஒண்ணு நட்டு வெச்சிருக்கிறேன், அதான் அடையாளம். அத லாரி ஏத்தி மிதிச்சிட்டா நான் எங்க போயி நிக்கிறது?"

"மண்ணு கொட்ட வுட்டா நான் சக்கரபாணி இல்ல" என்றேன். அப்போது நல்லமுத்து டூட்டி முடிந்து வந்தான். விடவில்லை நான். "போதகர் வூட்டுக்கு எதுக்குப் போன?" என்று கேட்டேன், போலீஸ்காரன் மாதிரி.

அவன் தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "பிரதிஷ்டைப் பத்திரம் மெட்ராஸ்ல பிஷப் ஆபீஸ்ல இருக்குமாம். நகல் வரவழைங்கய்யான்னு கேக்கத்தான் போனேன். நீங்க பிஷப்ப பார்த்தேன்னு சொன்னீங்களே மாமா. அத நம்பித்தான் கேட்டேன்."

நான் சொன்னதை நம்பி ஒருத்தன் ஒரு காரியம் செய்திருக்கிறான். டீ போடச் சொன்னேன்.

3 மார்ச், ஞாயிறு

நகல் வந்துவிட்டது. கோயிலுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கூட்டம். போதகர், மாசிலாமணி வாத்தியார், கமிட்டி ஆட்கள், எங்கள் முதலாளியும் கூட. முதலாளிக்கு நாற்காலி, எனக்கு நிற்க இடம்.

போதகர் இங்கிலீஷில் வாசித்துத் தமிழில் சொன்னார். ரயில்வே துரைமார் விண்ணப்பம் போட்டார்களாம், பிஷப் வந்தாராம், "இன்று நாம் சுற்றி நடந்து வந்த எல்லைக்குள் அடங்கிய நிலம் முழுவதும்" இனி எந்த உலகக் காரியத்துக்கும் இல்லாமல் கர்த்தருக்கென்று பிரித்து வைக்கப்படுகிறதாம். எல்லை எதுவென்று காட்டும் வரைபடம் இணைத்திருப்பதாக எழுதியிருக்கிறது. வரைபடம் மட்டும் மெட்ராஸிலேயே இல்லை. ஏன் இல்லை? கரையானுக்கு வரைபடம் மட்டும்தான் பிடிக்குமா?

"அப்போ எங்க நடந்தாருன்னு பார்த்தவங்கதான் சொல்லணும்" என்றார் போதகர்.

சொன்னேன். பேண்டை விட்டுவிட்டேன். முள்ளைச் சொன்னேன், துரைசானியைச் சொன்னேன், கல்லைச் சொன்னேன். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "யோவ் மேஸ்திரி, சூளைய யாரு பார்க்கிறது?" என்றார். எனக்குப் புரியாமல் இல்லை. "எல்லாம் எரியுதுங்க" என்றேன்.

போதகர் மண்வெட்டி எடுத்து வரச் சொன்னார். நான் காட்டின இடத்தில் கல் இல்லை. வாத்தியார் இருமினார். கொஞ்சம் தள்ளி நல்லமுத்து வெட்டினான். டங் என்றது. கல். மண்ணைத் துடைத்தால் சிலுவை. காசி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

இதை நான் முன்னமே சொன்னேனா இல்லையா! பக்கத்திலிருந்தவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன். பார்த்தால் அது கணக்குப்பிள்ளை.

அதற்குள் வாத்தியார் ஒரு போடு போட்டார். "சரி, பிரதிஷ்டையான மண்ணுதான். அப்போ ஞானஸ்நானம் இல்லாத புள்ள அதுல எப்படிய்யா இருக்கலாம்? வெளிநிலம்னு நெனச்சித்தானே பழைய போதகரு வெச்சாரு? எடுத்து ஆத்தங்கர முனிசிபல் சுடுகாட்டுல வெச்சிடலாம்."

நான்தான் நிரூபித்தேன். நான் நிரூபித்ததால்தான் இது.

போதகர் ரொம்ப நேரம் கண்ணாடியைத் துடைத்தார். "சபை ஒழுங்கு அப்படித்தான் இருக்கு. ஆனா ஒண்ணு. புள்ளைக்கு ஆபத்தா இருக்கும்போது, போதகர் இல்லன்னா, யாரு வேணும்னாலும் தண்ணி ஊத்தி, பேரு சொல்லி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தினாலேன்னு சொல்லியிருந்தா அது செல்லும். அந்த மாதிரி யாராவது செஞ்சாங்களான்னு விசாரிக்கணும். புதன்கிழமை முடிவு பண்ணலாம்."

சொல்லிவிட்டு ஒவ்வொருத்தராகப் பார்த்தார். என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார். எதற்கு?

4 மார்ச், திங்கள்

காசி எதுவும் பேசுவதில்லையாம். நல்லமுத்து சொல்லிவிட்டுப் போனான். அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

6 மார்ச், புதன்

போதகர் வீட்டுக் கூடத்தில் வைத்துச் சொன்னேன்.

அன்றைக்கு நல்லமுத்து டூட்டியில் இருந்தான், காசி ஜுரத்தில் நினைவில்லாமல் கிடந்தாள், குழந்தை மூச்சு வாங்கியது, நான் பித்தளை டம்ளரில் தண்ணீர் எடுத்துத் தலையில் மூன்று தடவை ஊற்றினேன், வார்த்தைகளைச் சொன்னேன் என்றேன்.

வாத்தியார் துள்ளி எழுந்தார். "நீ இந்து. உனக்கு அந்த வார்த்தை எப்படித் தெரியும்?"

"எங்க காசி கல்யாணத்துல உங்க போதகரு அதயேதான் சொன்னாரு. வாசல்ல நின்னு கேட்டேன். எனக்கு ஒரு தடவ கேட்டாப் போதும்." ஒரு எழுத்து பிசகாமல் சொல்லிக் காட்டினேன்.

"இத்தன நாளா ஏன் வாயத் தொறக்கல?"

"புள்ள போயிடுச்சு. எதச் சொல்றது?"

போதகர் கேட்டார்: "என்ன பேரு வெச்சீங்க?"

அதை நான் யோசித்துக்கொண்டு போகவில்லை. வாயில் வந்தது, "சொர்ணாம்பாள்." என் அம்மாவின் பெயர்.

"கிறிஸ்தவப் பேரா இது?" என்றார் வாத்தியார்.

"பொன்னுன்னுதானே அர்த்தம்" என்றார் போதகர். "புது எருசலேமே பொன்னாலதான் இருக்குன்னு வேதத்துல வாசிக்கிறோம்." பேனாவை எடுத்து எழுதிவிட்டார். குத்தகை கிடையாது, குழந்தையை யாரும் தொடக்கூடாது, முடிந்தது என்றார்.

காசி கதவோரமாக நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

7 மார்ச், வியாழன்

ஒன்று உறுத்துகிறது. பிஷப் விஷயத்தில் மண்வெட்டி கொண்டுவந்து தோண்டிப் பார்த்தார்கள். இந்த விஷயத்தில் போதகர் ஏன் எதையும் தோண்டவில்லை? பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி தெற்குத் தெருவில்தான் இருக்கிறாள். கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அந்த மனுஷர் சாது மாதிரி இருக்கிறார். எனக்கு அவர் மேல் நம்பிக்கையில்லை. நல்லவர்.

15 மார்ச், வெள்ளி

முதலாளி என்னைச் சூளையிலிருந்து மாற்றிவிட்டார். இனிமேல் ஊறுகாய் ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றும் வேலை. சூளை மேஸ்திரி வேலையை நேற்று வந்த பையனும் செய்வான், வைக்கோல் சுற்றக் கை பழக்கம் வேண்டும். அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். சூளைப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் போகிறேன், அனல் மட்டும் முதுகில் தெரிகிறது.

14 ஏப்ரல், ஞாயிறு

ஈஸ்டர். விடிந்ததும் கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் பூ வைத்தார்கள். காசி இந்தத் தடவை மற்றவர்களோடு வரிசையில் உள்ளே போனாள். சூளையில் தெரிந்தவன் ஒருத்தனிடம் சொல்லி, ஈர மண்ணில் பெயர் எழுதி ஓடு ஒன்று சுட்டு வாங்கியிருந்தேன். சொர்ணாம்பாள். போதகர் அதற்குப் பக்கத்தில் நின்று ஜெபம் சொன்னார். குழந்தையின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். நல்லமுத்து அழுதான். நான் வெளியே சுவரோரம் நின்றேன்.

திரும்பும்போது காசி என்னோடு நடந்து வந்தாள். வெகுநாளைக்குப் பிறகு தானாகப் பேசினாள்.

"எனக்கு அன்னிக்குக் கண்ணு தொறக்க முடியல மாமா. ஆனா தண்ணி ஊத்தற சத்தம் கேட்டுச்சு. போதகர் வூட்டுல நீங்க சொன்னப்பதான் ஞாபகம் வந்துச்சு. இப்ப தெனமும் கேக்குது. நீங்க மெதுவாத்தான் ஊத்தினீங்க. புள்ள அழக்கூட இல்ல."

"ஆமாம்மா" என்றேன். "பச்சத் தண்ணி பட்டா ஒடம்பு துள்ளும்னு வெந்நீர் கலந்து ஊத்தினேன்."

அவள் சிரித்தாள். வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். அன்றைக்குச் சூளை எரிந்துகொண்டிருந்தது, என்னால் விட்டு வர முடியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தையைத் துணியில் சுற்றி வைத்துவிட்டிருந்தார்கள். தண்ணீர் ஊற்றவில்லை. யாரும் ஊற்றவில்லை.