பிரேக் தானாகப் பிடிக்கும் என்று காத்திருந்தவர்

அன்பு மருமகளுக்கு, மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சௌக்கியம், உன் அப்பாவும் சௌக்கியம், அந்த இரண்டாவது சௌக்கியத்தை நீ நம்பமாட்டாய் என்பதால்தான் இந்தக் கடிதமே. நீ அங்கே எப்படி இருக்கிறாய் என்று கேட்பதுதான் முறை, ஆனால் அன்றைக்கு நீ அத்தையிடம் போனில் அழுத அழுகையில் கடல் தாண்டி வந்த கண்ணீர் எங்கள் வீட்டுக் கூடத்தில் முழங்கால் வரைக்கும் நின்றது, நாற்காலியெல்லாம் மிதந்தது, அதனால் கேட்கவில்லை. முதலில் முக்கியச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பாவுக்கு இதயத்தில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் நோய் ஒன்றுமில்லை, மற்றபடி அதில் நிறைய இருக்கிறது, அதைத்தான் கீழே எழுதப்போகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய், போனில் நீ குறுக்கே பேசுவாய், கடிதத்தில் உன்னால் முடியாது. நான் எழுத எழுத அத்தை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவாள், கையெழுத்துப் புரியவில்லை என்றால் படத்தைத் திருப்பிப் பார், அப்போதும் புரியாது, ஆனால் முயற்சி செய்த திருப்தி இருக்கும்.

உன் கைக்கு வந்த செய்தி என்ன? நீ வாங்கிக் கொடுத்த கார் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதய ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் நிற்கிறது, நீ கேட்டால் அப்பா சும்மா வாக்கிங் என்கிறார், போன வாரம் அந்தக் கார் உனக்கே தந்தி அடிக்கிறது, நின்றுகொண்டிருந்தபோது பின்னால் ஏதோ மோதியது என்று. கூடவே அனுப்பிய படத்தைத் திறந்தால் ஒரே இருட்டு. கார்களுக்கு எச்சரிக்கை செய்யக் கற்றுக்கொடுப்பதையே வேலையாக வைத்திருக்கிற பெண் நீ, ஆஸ்பத்திரி, மோதல், இருட்டு மூன்றையும் கூட்டினால் என்ன வரும் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கணக்குத் தப்பு மருமகளே. இருட்டுக்குக் காரணம், கண்ணாடியில் தூசி படக்கூடாது என்று உன் அப்பா காரை நிறுத்தியதும் பின்பக்கக் கேமராவுக்கு ஒரு பழைய பனியன் துணியைக் கட்டிவிடுவார். உலகத்திலேயே கண்ணைக் கட்டிக்கொண்டு காவல் காக்கிற கார் அது ஒன்றுதான். மோதலுக்குக் காரணம் உன் அப்பாவேதான். அவர் தன் காரில் தானே வந்து மோதினார், சைக்கிளில்.

ஆமாம், சைக்கிளில். லிப்ட் பரிசோதகராக வாழ்நாளெல்லாம் மேலும் கீழும் போய்வந்த மனிதருக்கு முன்னும் பின்னும் போகிற சைக்கிள் மட்டும் வரவே வராது என்பது உனக்குத் தெரியாது, உன் அம்மாவுக்குத் தெரியும், இருந்தவரைக்கும் என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். நான் தண்ணீர் மீட்டர் பார்க்கத் தெருத்தெருவாகச் சைக்கிளில் போகிறவன், என் மணிச் சத்தம் கேட்டாலே இந்த ஊர் மீட்டரெல்லாம் ஓடுவதை நிறுத்திவிட்டு அட்டென்ஷனில் நிற்கும், அப்படிப்பட்ட என்னைப் பார்த்து எப்போதும் அவருக்கு ஒரே பேச்சுதான், “மாப்ள, லிப்டுக்குக் கயிறு அறுந்தாக்கூட கீழ விழாமப் பிடிக்க இன்னொரு பிரேக் இருக்கு, உன் சைக்கிளுக்கு என்னடா இருக்கு, ரெண்டு ரப்பர் துண்டு” என்பார். நான், “மச்சான், உங்க லிப்ட் எப்பவாவது ஒரு தெருவைப் பாத்திருக்கா?” என்பேன். நீ கார் வாங்கிக் கொடுத்தபிறகு அவரைப் பிடிக்கமுடியவில்லை. அது தானாக நிறுத்தும், கோடு தாண்டினால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும், தூக்கம் வந்தால் எழுப்பும், சந்துக்குள் தானாகப் போய் நிற்கும். ஒவ்வொரு பீப்புக்கும், “இது என் பொண்ணு வச்சது, அவளே கூட உக்காந்து சொல்ற மாதிரி இருக்கு” என்று என் முன்னால் பெருமையடிப்பார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற உன் அத்தைக்கு அது பொறுக்காது. “அண்ணா, எங்க வேன்ல பீப் அடிக்கிறதெல்லாம் பின்னால உக்காந்திருக்கிற பிள்ளைங்கதான், அதுக்கு பேட்டரி தீராது” என்பாள்.

இப்படி நிம்மதியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்குள் பல் டாக்டரம்மா வந்தார். அவருடைய கிளினிக் நான்காவது மாடி. உன் அப்பா ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் அந்தக் கட்டடத்து லிப்டைப் பரிசோதிக்கப் போனார், இந்த அம்மாள் லிப்ட் பக்கமே திரும்பாமல், மடக்குச் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறிப் போயிருக்கிறார். மற்றவர்கள் அதைப் பார்த்தால் பாராட்டுவார்கள், உன் அப்பா பின்னாலேயே நான்கு மாடியும் ஏறிப்போய், படியைவிட லிப்ட் பாதுகாப்பு என்று மூச்சு வாங்க வாதாடினார். டாக்டரம்மா ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, “பேசி முடிச்சிட்டீங்களா, இல்ல இன்னும் ஒரு மாடி இருக்கா?” என்றாராம். அன்றைக்குத் தொடங்கிய வாதம். பல்லில் ஒரு கோளாறும் இல்லாத மனிதர் அதன்பிறகு பல் காட்டப் போன தடவைகளுக்கு ஒரு யானைக்குத் தந்தம் கட்டியிருக்கலாம்.

டாக்டரம்மா தனியாக இருக்கிறவர், அன்பாகப் பேசுவார், ஆனால் விட்டுக்கொடுக்கமாட்டார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவரும் உன் அப்பாவும் போட்ட சண்டையைப் பார்க்க டிக்கெட் போட்டிருந்தால் தெருமுனை வரைக்கும் வரிசை நின்றிருக்கும். உன் அப்பா, “கார்ல ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உக்காந்து நிதானமாப் பேசலாம், சைக்கிள்ல ஒருத்தர் முன்னால ஒருத்தர் பின்னால, அதுல என்ன உறவு?” என்பார். அவர், “கார்ல நீங்க என்கூடவா பேசுறீங்க, அந்தத் திரையோடதான் பேசுறீங்க. சைக்கிள்ல கத்தித்தான் பேசணும், அதனால அவசியமானதை மட்டும் பேசுவோம், பாதிக் குடும்பத்துல அதுவே போதும்” என்பார். என் பங்குக்கு நான், நின்றால் விழுந்துவிடும், ஓடிக்கொண்டே இருந்தால் விழாது, குடும்பமும் சைக்கிளும் ஒன்று என்று ஒரு பெரிய தத்துவத்தை எடுத்துவிட்டேன். உன் அத்தை, “ஆமாமா, நீங்க எப்பவும் ஓடிக்கிட்டேதான் இருக்கீங்க, பாத்திரம் கழுவுற நேரத்துல” என்றாள், தத்துவம் அங்கேயே பஞ்சராகிவிட்டது. போகும்போது டாக்டரம்மா உன் அப்பாவிடம் சொன்னார், “நீங்க ஒரு தடவை என்கூடச் சைக்கிள்ல ஏரிக்கரை வரைக்கும் வாங்க, அப்புறம் உங்க கார்ல எங்க வேணாலும் வர்றேன்.” இவர் தனக்கு ஓட்டத்தெரியாது என்று சொன்னாரா? சொல்லவில்லை. “வர்றேன், கொஞ்சம் வேலை இருக்கு” என்றார். அந்த வேலைதான் ஞாயிற்றுக்கிழமை வேலை.

இதய ஆஸ்பத்திரியில் ஞாயிறன்று வெளிநோயாளிகள் கிடையாது, பின்பக்கக் கார் நிறுத்துமிடம் காலியாக, சிமெண்டுத் தரையாக, கன்னம் மாதிரி வழவழப்பாக இருக்கும், அதனால் அந்த இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். கார் உனக்குக் கோள் சொல்கிறது என்று பாதியில் தெரிந்துகொண்டோம், அப்படியானால் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள் மச்சான் என்றேன், “எதுலடா வர்றது, சைக்கிள்லயா?” என்றார். அதற்கு மேல் அந்த ஆராய்ச்சியை நாங்கள் தொடரவில்லை. போன ஞாயிறு அவருக்கு முதன்முதலாகச் சமநிலை வந்தது. நான் பிடியை விட்டது தெரியாமல் ராஜா மாதிரிப் போனார், வேகம் வந்தது, சரிவும் வந்தது, எதிரே உன் கார் வந்தது, அதாவது அது நின்றுகொண்டுதான் இருந்தது. நான், “மச்சான், பிரேக், பிரேக்” என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன், நான் ஓடிய வேகத்துக்கு ஒலிம்பிக்கில் இருந்து ஆள் அனுப்பியிருக்கவேண்டும். அவர் கையை அசைக்கவேயில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே போய் மோதினார். விழுந்த இடத்தில் குனிந்து, ஏன் மச்சான் பிடிக்கவில்லை என்று கேட்டேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்து, “பீப் வரும்னு பாத்தேன்டா” என்றார். நீ கார் கொடுத்து இத்தனை நாளில் அவர் பழகியது அதுதான், எதிரே ஏதாவது வந்தால் உன் பீப் அடிக்கும், அடித்தும் பிடிக்காவிட்டால் கார் தானாகப் பிடித்துக்கொள்ளும். சைக்கிளும் அப்படித்தான் என்று அவருடைய கை நினைத்துவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு, சைக்கிளின் முன்சக்கரம் கொஞ்சம் கோணல், காருக்குப் பின்னால் ஒரு விரல் நீளக் கோடு, சேதம் இவ்வளவுதான்.

இதுவரைக்கும் சிரித்திருப்பாய், இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படி. நீ அழுத அன்று மாலை உன் அப்பா சைக்கிளை எங்கள் வீட்டுச் சாமான் அறையில் கொண்டுவந்து சாய்த்துவிட்டு, நேரே கிளினிக்குக்குப் போய், என் பொண்ணு பயந்துபோயிட்டா, இதெல்லாம் போதும் என்று டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி, “பயந்தது உங்க பொண்ணா, நீங்களா?” அவரும் அதற்குப்பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை, போன் செய்யவுமில்லை, அத்தை கூப்பிட்டதற்கு, “அவர் முதல்ல மகளோட பேசட்டும், நான் எங்கயும் ஓடிப்போகல, ஆனா ஒளிஞ்சு வரவும் மாட்டேன்” என்று சொல்லிவிட்டார். எனக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. நானும் உன் அப்பாவும் இத்தனை காலம் சண்டை போட்டிருக்கிறோம், கோபப்பட்டதில்லை, இந்த முறை கோபப்பட்டேன். நீ விடுப்பு எடுத்து வந்து முழு உடம்பையும் பரிசோதிக்க வைக்கப்போகிறாய் என்றதும் அவர் சரி என்று சொல்லிவிட்டாராமே, அந்த ஆஸ்பத்திரியில் இருக்கிற எல்லா மிஷினுக்குள்ளும் படுத்து எழுந்து வருவாராம், எத்தனை ஊசி வேண்டுமானாலும் குத்திக்கொள்வாராம், ஆனால் பெற்ற பெண்ணிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லமாட்டாராம். ஏன் மச்சான் என்று கேட்டதற்கு, “அவ அம்மாவை நான் மறந்துட்டேன்னு நெனைச்சிட்டா?” என்றார். அதைத்தான் நான் உனக்கு எழுதவேண்டியிருக்கிறது, சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்தேன், எழுதமாட்டேன் என்று அவர் கேட்கவில்லை.

உன் அம்மா எனக்கு அக்கா. இந்த விஷயத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவேண்டிய முதல் ஆள் நான், எனக்கு அந்த உரிமையும் இருக்கிறது, நான் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. டாக்டரம்மா ஒருமுறை உன் வீட்டுக்கு வந்தபோது அக்காவின் படத்துக்கு முன்னால் நின்று இவங்களுக்குச் சைக்கிள் தெரியுமா என்று கேட்டார். நன்றாகத் தெரியும், என்னையே பின்னால் உட்காரவைத்து ஓட்டியவள் என்றேன். அப்படியானால் ஒரு ஆளாவது இந்த வீட்டில் ஒழுங்காக இருந்திருக்கிறார் என்றார். உன் அப்பா அன்றைக்கு எத்தனையோ நாளைக்குப்பிறகு அக்காவைப் பற்றி வாய்விட்டுப் பேசினார், அதுவரைக்கும் எங்களிடம்கூடப் பேசமாட்டார், பேச்சை மாற்றிவிடுவார். மறந்துபோகிற மனிதர் அப்படிப் பேசமாட்டார் என்பது என் எண்ணம், உன் எண்ணம் வேறாக இருந்தால் அதையும் கேட்டுக்கொள்கிறேன், சம்மதி என்று உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. உனக்குப் பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று அவரிடமே சொல், சண்டை போடு, அவருக்குச் சண்டை பிடிக்கும். பயந்து அழாதே, அதற்கு மட்டும் அவரிடம் பதில் கிடையாது.

இன்னொன்று, இது உனக்குத் தெரியாது. அக்கா போனபிறகு அவர் அடுப்புப் பக்கத்திலேயே நின்றுகொண்டு பாத்திரத்திலிருந்தே சாப்பிடுவார். டாக்டரம்மா வரத்தொடங்கியதும் தட்டு எடுத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். நேற்று அவர் வீட்டுக்குப் போனேன், மறுபடியும் நின்றுகொண்டு சாப்பிடுகிறார். தினமும் போனில் சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்கிறாயே, சாப்பிட்டேன் என்பார், அது பொய்யும் இல்லை. இனிமேல் உட்கார்ந்து சாப்பிட்டீங்களாப்பா என்று கேள். அவர் சும்மா இருப்பார். நீயும் சும்மா இரு, போனை மட்டும் வைத்துவிடாதே, மிச்சத்தை அவர் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள், கோபத்தில் டிக்கெட்டை ரத்து செய்துவிடாதே, எப்படியும் வா, நீ வந்தால் எங்கள் வீட்டுக் கதவு உயரம் போதாமல் இடித்துவிட்டுப் பெரிதாகக் கட்டுவதாக இருக்கிறேன். நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நூறாண்டு நிறைவாக வாழவேண்டும் என்று நானும் அத்தையும் ஆசீர்வதிக்கிறோம். இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே, அவருக்குச் செய்.

இப்படிக்கு,
எல்லாத் தண்ணீர் மீட்டர்களுக்கும் தலைவரும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமான
மாமா