படாத குத்து

ஞாயிறு, 8ஆம் திகதி

காலையில் வெயில். பதினொரு மணியிலிருந்து மழை. கேகாலை மைதானம் முழுக்கச் சேறு. பலாங்கொடைக்காரிகளுடன் ரக்பி மெச். தோற்றோம். எழுத வேண்டியது அதுவல்ல.

இப்படிச் சின்ன மெச்சுகளுக்கு நடுவர் ஒருவர்தான் வருவார். கோட்டோரம் கொடி பிடிக்க அணிக்கு ஓர் ஆள் தர வேண்டும். நடுவர் பயிற்சி எடுத்தவள் என்பதால் எங்கள் அணியிலிருந்து நான். எந்த அணியிலிருந்து வந்தாலும் கொடிக்கு அணி கிடையாது. பயிற்சி வகுப்பில் இதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாம் பாதி. பந்து அந்தப் பக்கம் போய்விட்டது, நடுவரும் அதன் பின்னால். இந்தப் பக்கம் கும்பலிலிருந்து எழுந்த எங்கள் மூன்றாம் நம்பர் செல்வி, அவர்களுடைய ஏழாம் நம்பரின் முகத்துக்கு முழுக் கையையும் வீசினாள். ஏழு சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். குத்து காற்றில் போனது.

கொடியை நீட்டினேன். யோசிக்கவில்லை. ஆட்டம் நின்றதும் நடுவர் வந்து கேட்டார். "எங்க மூணாம் நம்பர். முகத்துக்குக் குத்து. படல." சிவப்பு அட்டை.

செல்வி என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. தோட்டத்து வரிசை வீடுகளில் என்னோடு ஒரே லயத்தில் பிறந்து, தெரணியகலையில் ஒரே பள்ளிக்கூடம் போய், இப்போது இந்த ஊரில் ஒரே போடிங் அறையில் பாய் விரிப்பவள்.

எங்கள் கோச்: "ஒயா அபே கெனெக் நேத?" நம்ம ஆள்தானே நீ? 

முதுகுக்குப் பின்னால் ஒரு ஆட்டோக்கார அண்ணன்: "பட்டா சரி. படாததுக்கு எதுக்குச் சிவப்பு? நனையாதவனுக்குத் தடிமன் மாத்திரையா?" எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்த ஞாயிறு மாகாண அணிக்குத் தெரிவு. செல்வி பெயர் பட்டியலில் இருக்கிறது. போன முறை தெரிவான இரண்டு பேருக்கு விளையாட்டால் நிரந்தர வேலை கிடைத்தது. எங்களைப்போல் துணிக்கடையில் பத்து மணிநேரம் நின்று கால் வீங்குகிற வேலை இல்லை. வியாழன் விசாரணை. அதில் தடை விழுந்தால் தெரிவு போச்சு.

திங்கள், 9

மழை. வாங்க: சவர்க்காரம், பருப்பு, செ.யின் முழங்காலுக்குத் தைலம்.

செ. பேசவில்லை. ஆனால் தேநீர் இரண்டு கோப்பை ஊற்றினாள். இராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நான்தான் வாயைத் திறந்தேன்.

"ஏன்டி குத்தப் போன?"

"முடியப் புடிச்சி இழுத்தா. மூணு தரம்."

"நான் காணல."

"நீ எங்க காணப்போற. ஓங் கண்ணு எம்மேலதானே."

உண்மை. இவள் எப்போது வெடிப்பாளோ என்ற பயத்தில் மெச் முழுக்க இவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றவளின் கையைப் பார்க்கவில்லை. நடுநிலை என்று நான் பெருமைப்பட்டது இதைத்தானா?

வலது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது அவளுக்கு. காற்றைக் குத்தினாலும் வீங்குமா? தைலம் தேய்த்துவிட்டேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

செவ்வாய், 10

கடையில் கூட்டம். மேனேஜர் கத்தல். வழக்கம்.

விசாரணைக்கு அறிக்கை எழுத உட்கார்ந்தேன். விதிப் புத்தகத்தைத் திரும்ப வாசித்தேன். குத்து முகத்தில் பட்டதா என்பதை வைத்து மட்டும் தீர்த்தால், எதிராளி வழுக்கி விழுவதை நம்பி ஆளாளுக்குக் கை வீசலாம். படாததற்கு நன்றி சேற்றுக்கு. செ.யின் நல்ல மனசுக்கு இல்லை. அதனால் படாவிட்டாலும் தண்டனை வேண்டும். ஆனால் பட்டதுபோல் எழுதவும் கூடாது. உடையாத மூக்கை உடைந்ததாக எப்படி எழுதுவது?

எங்கள் தோட்டத்தில் வேறு சட்டம். வேலையை மேற்பார்க்கும் வெளிக்கள ஐயாவுக்கு முன்னால் அப்பா கை ஓங்கினார். ஓங்கினார், அவ்வளவுதான். "அடித்தான்" என்று எழுதி இரண்டு வாரம் வேலை கொடுக்காமல் நிறுத்தினார்கள். அதே ஐயா செ.யின் அம்மா மேல் தடியை எறிந்தார். இரப்பர் மரத்தில் பட்டு விழுந்தது. "உனக்குப் படலையே, பிறகென்ன?" என்று முடித்துவிட்டார்கள். நாங்கள் ஓங்கினால் அடித்த கணக்கு. அவர்கள் எறிந்தால் ஒன்றுமே நடக்காத கணக்கு.

அறிக்கையில் ஒரு வரி சேர்க்கலாம். "கடைசி நேரத்தில் கையை நிறுத்திக்கொண்டாள்." யாரும் பார்க்கவில்லை, யாரும் மறுக்கப் போவதில்லை. எழுதினேன். செ. தோளுக்கு மேலால் பார்த்தாள்.

"வாசிச்சிக் காட்டு."

காட்டினேன்.

"நிப்பாட்டவே இல்லியே. பல்லு பறக்கட்டும்னுதான் வீசினேன்."

"தெரியும். ஞாயித்துக்கிழமை போகணுமா வேணாமா?"

"போகணும். அந்த வரிய அடிச்சிரு."

அடித்தேன்.  கோடு முடியும்வரை அவள் நகரவில்லை.

வியாழன், 12

அரை நாள் லீவு, இருவருக்கும். சம்பளத்தில் வெட்டு. மழை இல்லை, புழுக்கம்.

விசாரணை அறை வாசலில் செ. செருப்பைக் கழற்றிவிட்டாள். உள்ளே எல்லோரும் சப்பாத்து. "போட்டுக்கடி" என்று கிசுகிசுத்தேன். கேட்கவில்லை.

நீள மேசை, மூன்று பேர். பேச்சு சிங்களத்தில். ஏழாம் நம்பரும் சாட்சிக்கு வந்திருந்தாள். தலைவர் தாளை எடுத்தார். வாயைத் திறக்கவில்லை, அதற்குள் செ. கையைக் கட்டிக்கொண்டு: "வெரதி, மாத்தயா. மாப் கரன்ன." தப்புத்தான் ஐயா, மன்னிச்சிருங்க.

எங்கள் தோட்ட ஒபீசில் அப்படித்தான். கூப்பிட்டால் என்ன குற்றம் என்று கேட்கக்கூடாது. முதலில் தப்புத்தான் என்று சொல்லிவிட வேண்டும், சொன்னால் ஒரு வாரத் தண்டனை இரண்டு நாளாகும். 

தலைவருக்குச் சந்தோஷம். "ஒத்துக்கிட்டது நல்லது." பிறகு வாசித்தார்: எதிராளியின் முகத்தில் அடித்தல். ஆறு வாரம். படிவத்தில் "அடித்தல்" கட்டம் இருக்கிறது, "அடிக்க முயன்றது" இல்லை. நடுவர் இருந்த கட்டத்தில் சரி போட்டிருக்கிறார். அதன் கீழே செ.யின் கையெழுத்து. சிங்களம் அருவிபோல் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. மெச் அன்று தாளை நீட்டியவுடன் போட்டிருக்கிறாள்.

எழுந்தேன்.

"அவதான் ஒத்துக்கிட்டாளே, தங்கச்சி," என்றார் தலைவர்.

"எத ஒத்துக்கிட்டா, சேர்? நீங்க இன்னும் வாசிக்கவே இல்லியே அப்ப."

 நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தொடர்ந்து பேசினேன். கொடி தூக்கியது நான். படவில்லை என்று அன்றே சொன்னேன், என் அறிக்கையிலும் இருக்கிறது. சும்மா விடச் சொல்லவில்லை, வீசியதற்குத் தண்டனை கொடுங்கள். விழாத அடிக்குக் கொடுக்காதீர்கள். முடியை இழுத்ததை நான் பார்க்கவில்லை, அது என் பிழை. பக்கத்தில் இருப்பவளைக் கேளுங்கள்.

ஏழாம் நம்பரைக் கேட்டார்கள். தரையைப் பார்த்தாள். "ஒரு தரம்தான் இழுத்தேன்."

"மூணு," என்றாள் செ.

"ரெண்டு," என்றாள் ஏழு.

மேசையில் ஒருவர் சிரிப்பை இருமலாக்கினார்.

தலைவர் செ.யிடம் திரும்பினார், இந்த முறை மெதுவாக. "அடிச்சியா?"

"இல்ல சேர். அடிக்கப் போனேன்."

"அவ வழுக்காம இருந்தா?"

"பட்டிருக்கும்."

ஆறு வாரம் இரண்டாயிற்று. "அடிக்க முயன்றது" என்று கையால் எழுதி, அவளுக்கு வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து. ஏழுக்கு எழுத்தில் எச்சரிக்கை. சரியான தீர்ப்பு. அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பேன். அந்த இரண்டு வாரத்துக்குள் தெரிவு நடக்கும் ஞாயிறும் வருகிறது.

படியில்:

"ஏன்டி முந்திக்கிட்டுச் சொன்ன?"

"மேசையப் பாத்தா அப்பிடித்தான் வருது."

பஸ் வரும்வரை என் தோளில் சாய்ந்து நின்றாள். கனமானவள். அசையவில்லை நான்.

சனி, 14

ஒன்றுமில்லை. கடை. மணிக்கட்டு வீக்கம் குறைந்திருக்கிறது.

ஞாயிறு, 15

நல்ல வெயில். ஒரு வாரத்து உடுப்பு, போர்வை, எல்லாம் குழாயடிக்கு. ஒன்பது மணி. தெரிவு தொடங்கியிருக்கும். இருவரும் மணி பார்க்கவில்லை, இருவருக்கும் தெரியும்.

போர்வையைப் பிழிய ஒரு முனை அவளிடம், ஒரு முனை என்னிடம்.

"நீ கொடி தூக்கலன்னா இந்நேரம் நா அங்க."

"ஆமா."

"மறுபடி அப்பிடி வந்தா தூக்காம இருப்பியா?"

"தூக்குவேன்."

கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் போர்வை.

"தெரியும் சனியனே. இறுக்கிப் புடி, நழுவுது."